உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில்

எங்கள் தீவில் யாரும் யாருடைய மீனையும் குறை சொல்வதில்லை. மைலிஸ் மட்டும் சொல்வாள். அந்த உரிமையை அவளுக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அவளாக எடுத்துக்கொண்டாள். மற்ற நாங்களெல்லாம் வாயில் வைத்தது எதுவானாலும் "நல்லாயிருக்கு" என்று சொல்லி விழுங்கிவிடுகிற ரகம். இதைப் பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போன நடுக்கோடைத் திருநாளோடு எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது.

மீன் என்று நான் சொன்னால் அது ஹெர்ரிங் என்கிற குளிர்கடல் மீன்தான். மற்ற மீன்களைப் பெயர் சொல்லி அழைப்போம். இதற்கு மட்டும் மீன் என்றாலே போதும். உப்பு மீனை இரவெல்லாம் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, வினிகரும் சர்க்கரையும் காய்ச்சி ஆறிய நீரில், வெங்காயத்தோடு அடுக்கி ஊறவைப்போம். ஒன்று, இரண்டு, மூன்று: வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று. இங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். மசாலாவில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். என் வீட்டில் கடுகு. மைலிஸ் வீட்டில் மிளகும் காரமுள்ளங்கியும். குல்வி கிராம்பும் பிரிஞ்சி இலையும் போடுவாள், வடக்குப் பாறை இடுக்குகளில் தானே பறித்துக் காயவைத்த ஜூனிபர் புதர்க் காய் போடுவாள், கடைசியாகச் செஞ்சந்தனத் தூள். அவள் ஜாடியில் நீர் ரோஜா நிறத்தில் இருக்கும்.

திருநாள் மதியம் படகுக் கொட்டகையில் நீள மேஜை போட்டு எல்லா வீட்டு ஜாடியும் வரும். போட்டி என்று எதுவும் கிடையாது, பரிசும் கிடையாது. ஆனால் எந்த ஜாடி எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி நடுவில் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்போம். பல வருஷமாக நடுவில் இருந்தது குல்வியின் ஜாடி.

அது அவளுக்குச் சாதாரண விஷயமில்லை. குல்வி உள்நாட்டுக்காரி, சுற்றிலும் காடு உள்ள ஊரிலிருந்து சிக்ஸ்டனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மைலிஸ் சிக்ஸ்டனின் அக்கா. "காட்டுக்காரிக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்று முதல் நாளே ஆரம்பித்தவள், நாத்தனார் என்ற பதவியை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. ஆனால் குல்வியிடம் ஒரு பதில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே, தன் அம்மா வீட்டு அடுப்படியில், சிக்ஸ்டனுக்காக முதல் தடவையாக மீன் ஊறவைத்தாளாம். அவன் சாப்பிட்டுவிட்டு, "எங்க தீவுல இந்த மாதிரி யாருமே போடறதில்ல" என்றானாம். அந்த ஒரு வார்த்தையைச் சீதனமாகக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்தத் தீவுக்கு வந்தாள். எத்தனை தடவை எங்களிடம் சொல்லியிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் நாங்கள் தலையை ஆட்டினோம்.

ஆனால் உண்மையில் சிக்ஸ்டனுக்கு மீன் தொண்டையில் இறங்காது. எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாணத்துக்கு முன்பே, மீன் டப்பா ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உப்பு மீன் பீப்பாய் ஒன்று கவிழ்ந்து, அழுகின மீன்நீர் அவன் மூக்கு, வாய் எல்லாம் ஏறியது. அன்றோடு சரி. ஆலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மீனைத் தொட்டான், வெட்டினான், அடைத்தான், தின்னவில்லை. மீன் தின்னாத தீவுக்காரன் என்றால் சிரிப்பார்களே என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் சமாளித்தான். மேஜையில் அவன் செய்கிற வேலையை நாங்கள் ரசித்துப் பார்ப்போம். மீன் துண்டை முள்கரண்டியால் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் தள்ளுவான், அதன்மேல் புளித்த பாலேட்டை ஊற்றுவான், சாப்பிட்டு முடிந்ததும் "தட்டையெல்லாம் நான் எடுக்கறேன், நீங்க உக்காருங்க" என்று முதல் ஆளாக எழுந்து குப்பை வாளியை நோக்கிப் போவான். இப்படியொரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று குல்வி பூரித்துப்போவாள்.

அவளுக்கு மட்டும்தான் தெரியாது. ஆரம்பத்தில் அவன் மானத்துக்காக நாங்கள் சொல்லவில்லை. பிறகு, இவ்வளவு காலம் சொல்லாததைச் சொன்னால் எங்கள் மானமும் சேர்ந்து போகும் என்று சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் குல்விக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் ருசியும் போயின. காப்பியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. பனி உருகியும் திரும்பி வரவில்லை. சிக்ஸ்டனைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. மீனுக்குப் பேர்போனவள் நாக்கு செத்துப்போய் நிற்கிறாள் என்று மைலிஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை. இந்த ஒரு வருஷம் மட்டும் ஜாடி நடுவில் இருந்துவிட வேண்டும், அதற்குள் நாக்கு திரும்பிவிடும் என்று நம்பினாள்.

"பழகின கை, கணக்கும் மாறாது. ருசி மட்டும் நீ பாத்துச் சொல்லு," என்றாள் சிக்ஸ்டனிடம். "எனக்கு இப்ப நீதான் நாக்கு."

அப்போதாவது அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தானாம், "அதுக்கென்ன" என்ற வார்த்தைதான் வந்ததாம். இதெல்லாம் பின்னால் அவனே என்னிடம் சொன்னது.

திருநாள் நெருங்கினால் தீவுக் கடையில் வினிகர் நிற்காது. சிக்ஸ்டன் வாங்கப் போனபோது எப்போதும் வாங்குகிற பன்னிரண்டு சதவீத பாட்டில் தீர்ந்துபோய், அதைவிடக் காட்டமான இருபத்துநான்குதான் இருந்தது. காப்பி இயந்திரத்தில் படிந்த சுண்ணாம்பைக் கழுவவும், பாறை இடுக்கில் முளைத்த களையைக் கொல்லவும் நாங்கள் வாங்குவது அதைத்தான். இரண்டும் ஒரே கண்ணாடி, ஒரே சீட்டு, எண் மட்டும்தான் வேறு.

"பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கச் சொல்லு, மறந்துடாத," என்றார் கடைக்காரர்.

"நான் ஆலைக்காரன். எனக்கே வினிகர் பாடமா?" என்று சிரித்துவிட்டு வந்தான் சிக்ஸ்டன்.

வருகிற வழியில் என் புருஷன் அல்கோத் படகு இயந்திரத்தைத் தூக்க ஒரு கை கேட்டான். சிக்ஸ்டன் பாட்டிலை அடுப்படி வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தான். தூக்கி வைத்தார்கள், அப்புறம் எல்லா ஆண்களையும் போல அந்த இயந்திரத்தைச் சுற்றி நின்று பேசினார்கள். அவன் வீட்டுக்குப் போனபோது குல்வி காய்ச்சி, ஆறவைத்து, அடுக்கி, மூடியே வைத்துவிட்டாள். கண் எரிந்ததாம். ஒரு கூடை சிவப்பு வெங்காயம் நறுக்கினால் கண் எரியாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாளாம். வேறு யாராக இருந்தாலும் மூக்கே காட்டிக் கொடுத்திருக்கும். சிக்ஸ்டனுக்கோ பாட்டில் விஷயம் அடியோடு மறந்துபோயிருந்தது.

ஊறியதும் ஜாடியைத் திறந்து அவன் கையில் ஒரு துண்டைக் கொடுத்தாள்.

"சொல்லு."

"இரு, வெளிச்சத்துல பாக்கறேன்," என்று ஜன்னல் பக்கம் திரும்பினான். முதுகு அவளுக்கு, முகம் வெளியே. கீழே பூனை படுத்திருந்தது. துண்டை அதற்குப் போட்டுவிட்டுத் தாடையைச் சும்மா அசைத்தான். பூனை மோந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. பூனைக்கு எந்த ஊறுகாய்தான் பிடிக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"உப்பு சரியா இறங்கியிருக்கா?"

"ம்."

"சந்தனம் தூக்கலா இருக்கா?"

"இல்ல இல்ல. எப்பவும் போலத்தான். உன் கையாச்சே."

நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்திருந்தால் போதும். அவளுடைய மானம் முழுவதும் அந்தத் துண்டில் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பூனைக்குப் போட்டான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் அவனை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

திருநாளன்று வழக்கம்போல மழை. திருநாளுக்காகப் பூவும் தழையும் சுற்றிய கம்பத்தை நனைந்துகொண்டே நட்டுவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினோம். புது உருளைக்கிழங்கு சதகுப்பைத் தழையோடு ஆவி பறந்தது. குல்வி நீல உடுப்பு போட்டிருந்தாள், தலையில் பூவளையம். ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேஜை நடுவில் வைத்தாள். முதல் துண்டை எப்போதும்போல சிக்ஸ்டன் தட்டில் போட்டாள். அது அவள் வழக்கம். பிறகு ஜாடி கை மாறியது. பாட்டுப் பாடி, சின்னக் கோப்பைச் சாராயத்தை ஒரே மூச்சில் ஊற்றி, மீனை வாயில் போட்டோம்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. புளிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. நாக்கைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. மீன் வெளுத்து ரப்பராக இறுகியிருந்தது. எதிரே அல்கோத்தின் கண்ணில் தண்ணீர்.

"மழை," என்றான் அல்கோத், கொட்டகைக்குள் உட்கார்ந்துகொண்டு.

"நல்லாயிருக்கு," என்றேன் நான்.

"நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு," என்று மேஜை முழுக்கக் கேட்டது. நல்லாயிருக்கு என்று சொன்ன ஒவ்வொருவர் கையும் ரொட்டிக்கும் பாலேட்டுக்கும் பாய்ந்தது. எஞ்சிய துண்டை நான் கை துடைக்கிற காகிதத் துணியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அல்கோத் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் தள்ளினான். அவன் பக்கத்தில் இருந்தவனும் அப்படியே.

குல்வி மட்டும் சாப்பிட்டாள். ஒரு துண்டு, இன்னொரு துண்டு, முகம் சுளிக்காமல், மென்று, விழுங்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தொண்டையில் எரிந்ததைச் சாராயம் என்று நினைத்தாளாம்.

மைலிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது துண்டு குல்வியின் வாய்க்குள் போனபோது மைலிஸின் முகம் மாறியது. அந்த மீனை ஒருத்தி முகம் மாறாமல் தின்கிறாள் என்றால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் முதலில் புரிந்துகொண்டது மைலிஸ்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இந்த வருஷம் மீன் அருமையா வந்திருக்கு, குல்வி."

கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. குல்வியின் சிரிப்பும் நின்றது. வந்த நாளிலிருந்து மைலிஸ் அவளைத் திட்டியிருக்கிறாள், கிண்டலடித்திருக்கிறாள், "காட்டுல மரப்பட்டைய ஊறப்போட்ட ஞாபகம் போல" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை.

"மைலிஸ், என் மீன்ல என்ன ஆச்சு?" என்றாள் குல்வி.

"ஒண்ணும் ஆகல. நல்லாயிருக்குன்னுதானே சொன்னேன்."

"நீயா? என்கிட்டயா?"

மைலிஸ் தட்டைப் பார்த்தாள். குல்வியின் பார்வை ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போனது. எந்தக் கண்ணும் அவளுக்குக் கிடைக்கவில்லை. எழுந்து நின்றாள். பூவளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சரி, சொல்லிடறேன். குளிர்காலத்துக் காய்ச்சல்லேருந்து எனக்கு ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. உங்ககிட்ட மறைச்சுட்டேன். ஆனா ருசி பாக்காம கொண்டுவந்து வெச்சேன்னு நினைக்காதீங்க. சிக்ஸ்டன் ருசி பாத்தான். அவன் நாக்கு தப்பாது. எங்க அம்மா வீட்லயே, முதல் தடவையே..."

அந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தாள். எப்போதும் தலையாட்டுகிற நாங்கள் அன்றைக்கு ஆட்டவில்லை. எங்களால் முடியவில்லை. வெட்கத்தில் என் காது மடல் சுட்டது. தன்னுடைய குறையை எல்லோர் முன்னாலும் போட்டுடைத்துவிட்டு, புருஷன் பேர் கெடக்கூடாது என்று அவள் வாதாடுகிறாள். நாங்கள் அவள் ஜாடி மீனை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மைலிஸ் வாயைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை அவனைக் காப்பாற்றப் போகிறாள். அதை சிக்ஸ்டனும் பார்த்தான்.

அதோடு மேஜை நெடுகத் தட்டுகளையும் பார்த்தான். தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த துண்டுகள், வேண்டாத அளவுக்கு ஊற்றிய பாலேடு, மடியில் சுருட்டிய காகிதத் துணி. எல்லாம் அவனுடைய சொந்த வித்தை. அதை அவனைவிட நன்றாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? அவன் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனான்.

"நான் ருசி பாக்கல," என்றான்.

"பாத்தியே. ஜன்னல்கிட்ட நின்னு."

"பூனைக்குப் போட்டேன்."

குல்விக்குப் புரியவில்லை. "ஏன்?"

"என்னால முடியாது, குல்வி. மீன் எனக்கு இறங்காது."

"எப்பலேருந்து? இந்த வருஷமா?"

அவன் முள்கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மா வீட்ல?" என்றாள் குல்வி. குரல் சின்னதாகிவிட்டது. "அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். நீ தண்ணி எடுக்கப் போனப்ப அடுப்புல போட்டுட்டேன்."

குல்வி எங்களைப் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

எல்லோர் தலையும் குனிந்தது. அதுவே பதிலாகிவிட்டது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, தினமும் அவளோடு காப்பி குடிப்பவள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது ஜாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் ஜாடியை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள். அல்கோத் தட்டில் தோலை விலக்கி அந்தத் துண்டை எடுத்து ஜாடியில் போட்டாள். அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. என்னிடம் வந்து நின்றாள். நானாக மடியிலிருந்த காகிதத் துணியைப் பிரித்துக் கொடுத்தேன்.

மைலிஸின் முறை வந்தது. மைலிஸ் காத்திருக்கவில்லை.

"என் துண்டை மேஜைக்கடியில போட்டுட்டேன்," என்றாள். "வாயில வைக்க முடியல. சகிக்கல. இவ்வளவு மோசமான மீனை நான் பொறந்ததிலேருந்து தின்னதில்ல."

குல்வியின் உதடு துடித்தது. "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருக்கணும்," என்றாள் மைலிஸ். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "தப்புதான்."

கடைசியாகச் சிக்ஸ்டன். அவன் தட்டில் தோலுக்கு அடியில் அவள் வைத்த முதல் துண்டு அப்படியே இருந்தது. இவ்வளவும் நடப்பதற்கு முன்பே, பழக்க தோஷத்தில், தள்ளிவிட்டிருந்தான். குல்வி கையை நீட்டுவதற்குள் அவனே அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மென்றான். தோள் இரண்டும் குலுங்கின. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். துப்பிவிடுவான் என்று பயந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விழுங்குகிற சத்தம் கேட்டது.

"வினிகர் ரெண்டு மடங்கு," என்றான், மூச்சு வாங்க. "நான் வாங்கின பாட்டில் இருபத்திநாலு. தண்ணி கலக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். உன் கையில ஒரு தப்பும் இல்ல. நான்தான்."

குல்வி சமைக்கிறவள் கேட்பதைக் கேட்டாள்: "மத்தது?"

"என்ன மத்தது?"

"சந்தனம் எப்படி? கிராம்பு தூக்குதா? ஜூனிபர் தெரியுதா, தெரியலயா? எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு."

"தெரியல," என்றான் பரிதாபமாக. "எனக்கு ஒண்ணும் பிரிச்சுச் சொல்லத் தெரியல, குல்வி. நான் தின்னதே இல்லையே."

அவள் பெஞ்சில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜாடியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். முள்கரண்டியால் இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் போட்டாள். தோலையெல்லாம் வழித்துத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்து மீன் பாக்கி இருக்கு," என்றாள். "சாப்பிடு. தெரியற வரைக்கும் சாப்பிடு."

அவன் அடுத்த துண்டை எடுத்தான். எழுந்து போகலாமா, உட்காரலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தட்டுகளை எடுக்கவும் அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.